இருபதாவது ஓங்கில்

அந்தப் பேப்பரை மடிச்சிராதீங்க சார், ஒரு நிமிஷம். கீழ ஓரத்துல கட்டம் கட்டிப் போட்டிருக்கான் பாருங்க, ஆமா, அதுதான். எனக்கு வாசிக்கத் தெரியும், கண்ணாடியத்தான் வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். நீங்களே கொஞ்சம் சத்தமா வாசிங்களேன். என்ன போட்டிருக்கான்? 'மூக்கையூர், வேம்பார் தீவுகளைச் சுற்றி டால்பின்கள் பத்தொன்பது மட்டுமே. ஆய்வறிக்கை இன்று தூத்துக்குடியில் வெளியீடு.' போதும் சார். அதுக்கு மேல வாசிக்க வேணாம்.

தப்பு. பேப்பர்காரனைச் சொல்லல, அவன் குடுத்ததைப் போடுறான். அந்தப் பத்தொன்பதைச் சொல்றேன். அது தப்புன்னு அந்தக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லத்தான் இந்தப் பஸ்ஸுல ஏறியிருக்கேன். பதினோரு மணிக்குக் கூட்டம். எனக்கு அழைப்புக் கிடையாது. கடல்ல போறவன் கடலப் பத்திப் பேச அழைப்பு எதுக்கு?

என் பேரு தொபியாஸ். ஊரு மூக்கையூர். சொந்தமா ஒரு பைபர் வள்ளம் வச்சிருக்கேன், முப்பது வருசமா கடல்தான். சார் என்ன வேல பாக்குறீங்க? வாத்தியாரா? என்ன பாடம்? கணக்கா? சரியாப் போச்சு, ஆகாத இடமாப் பாத்து வந்து உட்காந்துருக்கேன். இல்ல சார், அதுவும் நல்லதுக்குத்தான். நீங்களே கேட்டு ஒரு நியாயம் சொல்லுங்க. சொல்லலன்னாலும் பரவால்ல, கேளுங்க. தூத்துக்குடி போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்கு.

போன மாசி மாசம் கமலினின்னு ஒரு டாக்டரம்மா ஊருக்கு வந்தாங்க. ஊசி போடுற டாக்டர் இல்ல, படிச்சு வாங்குன டாக்டர். சேலத்துக்காரங்க. கண்ணுக்கெட்டுன தூரத்துக்குக் கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு, எங்க கடல்ல எத்தன ஓங்கில் இருக்குன்னு எண்ண வந்தாங்க. ஓங்கில்னா டால்பின்தான் சார். பேப்பர்ல டால்பின்னு போடுவான், எங்களுக்கு ஓங்கில். ஊர்ல விசாரிச்சிருக்காங்க, தீவுப்பக்கம் யாருக்கு நல்லாத் தெரியும்னு. எல்லாரும் என்னையத்தான் காட்டியிருக்காங்க. நான் சொல்லிக்கணும்னு இல்ல, ஊரே சொல்லும். ஓங்கில் இன்னைக்கு எங்க நிக்கும்னு காத்தைப் பாத்துச் சொல்லிருவேன். சாளை மீனு எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டுத்தான் அது போகும். சாளை எங்கிட்டுப் போகும்னு நீரோட்டம் சொல்லும். இதுல ஒன்னும் மந்திரம் இல்ல.

அந்தம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும், நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு. ஆனாலும் அண்ணேன்னுதான் கூப்புடுவாங்க. மரியாதை தெரிஞ்ச பொம்பள. அதுல நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அவுங்க மேல கோவமும் இல்ல. கோவம் இருந்தா இப்படிப் பொறுமையா உட்காந்து சொல்லிக்கிட்டு இருப்பனா?

அவுங்க வேல என்னன்னு கேளுங்க. மேப்புல கடலுக்குக் குறுக்க பன்னெண்டு கோடு கிழிச்சு வச்சிருக்காங்க. கரையில ஆரம்பிச்சு, தீவத் தாண்டி, தெக்க நாலு மைலு வரைக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ரெண்டு மைலு இடை. ஒரு நாளைக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டு மேலதான் வள்ளம் போகணும். வேகம் கூடக்கூடாது, குறையக்கூடாது, அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பக்கூடாது. அணியத்துல அந்தம்மா நிப்பாங்க, முன்னாடி. வலப்பக்கம் ஒருத்தரு, இடப்பக்கம் ஒருத்தரு, ஆளுக்கொரு பைனாகுலர். கண்ணுல பட்டா எத்தன, எம்புட்டுத் தூரம்னு எழுதணும், போட்டோ பிடிக்கணும். படலன்னா படலன்னு எழுதணும். என் எஞ்சினுக்குப் பக்கத்துல ஒரு ஜிபிஎஸ்ஸு கட்டி வச்சிட்டாங்க, நான் கோட்ட விட்டு விலகுனா அது காட்டிக் குடுத்துரும்.

முதல் நாளே எனக்குச் சிரிப்பு. நான் சொன்னேன், "டாக்டரம்மா, ஓங்கில் மேற்க நல்லதண்ணித் தீவுக்கு அடியில நிக்குது. நாம எதுக்குக் கெழக்க போறோம்?"

"அது நிக்கிற இடத்துக்குப் போறது நம்ம வேல இல்லண்ணே. சீட்டுல என்ன விழுதோ அங்கதான் போகணும்"னாங்க.

சீட்டுன்னா சார், ஒரு தூக்குச்சட்டிக்குள்ள பன்னெண்டு சீட்டு மடிச்சுப் போட்டிருப்பாங்க, ஒன்னுல இருந்து பன்னெண்டு வரைக்கும். விடியக்காலையில குலுக்கி ஒன்னு எடுக்கணும், அந்த நம்பர்க் கோடுதான் அன்னைக்கு. எடுத்த சீட்டத் தனியா வச்சிருவாங்க. பன்னெண்டும் முடிஞ்சா முதல்ல இருந்து மறுபடி. எங்க ஊர்லயும் கரைவலை போட யாரு எந்தப் பக்கம்னு சீட்டுக் குலுக்குறது உண்டு, அது எனக்குப் புதுசில்ல. யாரு சீட்டு எடுக்குறதுன்னு வந்தப்ப அந்தம்மா என்னையத்தான் எடுக்கச் சொன்னாங்க. "எங்களுக்குத்தான் ஆசை இருக்கும், உங்களுக்கு எந்தக் கோடா இருந்தா என்ன"ன்னாங்க. நல்ல நம்பிக்கை.

முதல் நாள் ஒன்னும் இல்ல. ரெண்டாம் நாள் ஒன்னும் இல்ல. மூணாம் நாள் ஒரு ஆமை. நாலாம் நாள் அதுவும் இல்ல. அஞ்சு மணி நேரம் வெயில்ல நின்னு கண்ணு பூத்துப் போச்சு எல்லாருக்கும். அந்தம்மா நோட்ட எடுத்து அழகா ஒரு பூஜ்யம் போடுறாங்க. ஏதோ முட்டையில ஓவியம் வரையுற மாதிரி நிதானமா. நான் வள்ளத்தக் கரைக்குத் திருப்புனேன்.

கரைக்கு வந்தா அங்க நிக்கிறான் என் மச்சினன் வியான்னி, என் பொண்டாட்டிக்குத் தம்பி. வலை பிரிச்சிட்டு இருக்கான். "என்ன மச்சான், இன்னைக்கு மீன்பாடு எப்படி? காத்த நல்லா அள்ளிட்டு வந்துட்டியா?"ங்கிறான். சுத்தி நிக்கிறவன்லாம் சிரிக்கிறான். முப்பது வருசத்துல என் வள்ளம் வெறுசா வந்த நாள் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நாலு நாள் அடுத்தடுத்து, அதுவும் இருக்குற இடம் தெரிஞ்சுக்கிட்டே, வேணும்னு வெறுசா வந்தது கிடையாது. வெறுங்கை முழம் போடுமா சார்?

அந்தம்மாகிட்டக் கேட்டேன். "எதுக்கும்மா இந்தப் பூஜ்யத்தை எழுதுறீங்க? இல்லாதத எழுதி என்ன ஆகப்போகுது?"

"பூஜ்யமும் ஒரு கணக்குதான்ணே. இல்லாத இடம் தெரிஞ்சாத்தான் இருக்குறது எம்புட்டுன்னு தெரியும்"னாங்க.

நான் சொன்னேன், "பூஜ்யம் கணக்குன்னா பட்டினியும் சாப்பாடுதான்." அவுங்களும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிக்கிறீங்க. என்ன சார், பூஜ்யம் கணக்குதானா? தலைய ஆட்டுறீங்க. படிச்சவங்க எல்லாரும் ஒரே கட்சி.

அன்னைக்குத்தான் நான் அந்தக் காரியத்தைப் பண்ணுனேன். பண்ணுனதச் சொல்ல எனக்கு என்ன வெக்கம். அந்தத் தூக்குச்சட்டி வள்ளத்துலதான் இருக்கும், பெட்டிக்குள்ள. மதியம் அவுங்க சாப்பிடப் போனாங்க. நான் சீட்ட ஒவ்வொன்னா எடுத்து, பிரிச்சுப் பாத்து, மடிச்சு, ஓரத்துல நகத்தால ஒரு கீறல் போட்டு வச்சேன். ஒன்னுக்கு மேல் மூலை, ரெண்டுக்குக் கீழ் மூலை, மூணுக்கு நடுவுல, இப்படி. விரல்ல தடவுனா நம்பர் தெரிஞ்சிரும். வலையில கண்ணி அளவைக் கண்ண மூடிக்கிட்டுத் தடவிச் சொல்றவன் சார் நானு, இது எம்மாத்திரம்.

அடுத்த நாள் விடியக்காலையில கரையில நின்னு காத்தைப் பாத்தேன், தண்ணி நிறத்தைப் பாத்தேன். ஓங்கில் ஏழாம் கோட்டுல நிக்கும்னு மனசு சொல்லுச்சு. தூக்குச்சட்டிக்குள்ள கைய விட்டேன், ஏழ எடுத்தேன். தீவத் தாண்டுன அரை மணி நேரத்துல, அந்தா, முன்னாடி பன்னெண்டு முதுகு. அந்தம்மா மூச்சு விட மறந்துட்டாங்க. வலப்பக்கம் நின்னவரு "மேடம், மேடம்"னு கத்துறாரு. கேமரா படபடன்னு அடிக்குது. நான் எஞ்சின் பக்கத்துல ஒன்னும் தெரியாத ஆளு மாதிரி உட்காந்துருக்கேன். அந்தச் சந்தோசத்தை என்னன்னு சொல்றது சார். என் பொண்ணு பன்னெண்டாங் கிளாஸ் பாஸானப்பகூட அப்படி இல்ல. அவகிட்டச் சொல்லிராதீங்க.

அதையும் சேத்து இருபது நாள். ரெண்டு சுத்து முடிஞ்சிருச்சு, முதல் நாலு நாள் போக மிச்சம் இருபது நாளும் ஓங்கில் இல்லாத நாளே கிடையாது. அது நிக்கிற கோட்டுச் சீட்டு தீந்து போயிருந்தா, காத்து சரியில்லன்னு சொல்லி அன்னைக்குப் போகாம விட்டுருவேன். கோட்ட விட்டு ஒரு அடி விலகல, ஜிபிஎஸ்ஸைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். வியான்னி வாயில கொழுக்கட்டை. ஊர்ல என் பேச்சு. அந்தம்மா ஒரு நாளு ஏதோ கூட்டிப் பெருக்கிப் பாத்துட்டு, "இப்போதைக்குப் பாத்தா இருநூறுக்கு மேல இருக்கும்போலண்ணே, எங்க யாருக்குமே தெரியாமப் போச்சு"ன்னு சொன்னாங்க. கண்ணு கலங்கிருச்சு அவுங்களுக்கு. இருநூறு. எனக்கு ஆச்சரியமே இல்ல. எங்க கடல்ல இருக்கும். நான் வள்ளம் ஏறுன புதுசுல எண்ணிப் பாத்து எண்ணிப் பாத்து விட்டிருக்கேன், கணக்கு நிக்காது.

வேம்பாரு வந்துருச்சா? தண்ணி ஏதும் வேணுமா சார்? வேணாமா. சரி.

சித்திரை மாசக் கடைசி. அந்தம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க, தனியா. செலஸ்தி, என் பொண்டாட்டி, காப்பி போட்டுக் குடுத்தா. அந்தம்மா பையில இருந்து போட்டோவா எடுத்துக் கட்டில்ல பரப்புறாங்க. எல்லாம் ஓங்கில் முதுகுத் துடுப்பு. நமக்குக் கைரேகை மாதிரி சார் அதுக்கு அந்தத் துடுப்பு. ஒன்னுக்கு நுனி உடைஞ்சிருக்கும், ஒன்னுக்குப் பின்பக்கம் பல் பல்லா இருக்கும், ஒன்னுக்கு வெள்ளத் தழும்பு இருக்கும். ஒன்னு மாதிரி இன்னொன்னு இருக்காது. எண்ணுனேன், பத்தொன்பது படம்.

"அண்ணே, மூவாயிரம் போட்டோவ வச்சுப் பொருத்திப் பாத்துட்டோம். இருபது நாளும் வந்தது இந்தப் பத்தொன்பதுதான். புதுசா ஒன்னுகூட இல்ல. ரெண்டு மைலு தள்ளித் தள்ளிப் பன்னெண்டு கோடு. நாம எந்தக் கோட்டுல போறோமோ அங்க இதே பத்தொன்பது எப்படிண்ணே வந்து நிக்கும்?"

நான் சிரிச்சிட்டேன். "அது நம்மளத் தேடி வரலம்மா. நான்ல உங்கள அதுக்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்"னு சொல்லி, சீட்டு, நகம், காத்து, எல்லாத்தையும் சொன்னேன். மறைச்சனா? இல்ல. பெருமையாத்தான் சொன்னேன். ஒரு சபாஷாவது சொல்லுவாங்கன்னு நெனச்சேன். இருபது நாள் ஓங்கில் எங்க வரும்னு ஒரு தடவகூடத் தப்பாமச் சொல்ல இந்தக் கரையில எவன் இருக்கான், சொல்லுங்க.

அவுங்க படத்தையெல்லாம் கூட்டி அடுக்குனாங்க. அப்புறம் கேட்டாங்க, "எத்தன நாள்ணே?"

"முதல் நாலு நாள் தவிர எல்லா நாளும்."

"அப்ப அந்த நாலு நாள்தான் உண்மை"ன்னாங்க. அந்த நாலு பூஜ்யந்தான் உண்மையாம். இருபது நாள் கண்ணால பாத்தது பொய்யாம். இது என்ன நியாயம் சார்? நான் இல்லாதத இருக்குன்னு சொன்னனா? பொம்மைய மிதக்க விட்டனா? உசுரோட இருக்குறதத்தான காட்டுனேன்.

அந்தம்மா சத்தம் போடல. போட்டிருந்தாலாவது நானும் போட்டிருப்பேன். "ஒரு ஊர்ல எத்தன பேரு இருக்காங்கன்னு கணக்கெடுக்கச் சொன்னா, நீங்க ஒரே குடும்பத்த ஒவ்வொரு வீடாக் கூட்டிட்டுப் போயி வாசல்ல நிறுத்தியிருக்கீங்கண்ணே"ன்னாங்க.

"அப்படிக் கூட்டிட்டுப் போறதுக்கும் ஒரு ஆளு வேணும்ல"ன்னேன். செலஸ்தி என் தொடையில கிள்ளுனா.

மறுநாளு வள்ளத்துல கட்டியிருந்த சர்வே கொடிய இறக்கிட்டாங்க. ஜிபிஎஸ்ஸைக் கழட்டிட்டாங்க. ரெண்டு மாச உழைப்பும் குப்பைக்குப் போச்சு, முதல்ல இருந்து எடுக்கணும், வேற வள்ளத்துல எடுக்குறோம்னாங்க. வேற வள்ளம்னா எது? இப்பத் தாண்டி வந்தமே, இந்த வேம்பார்ல இருக்கான் ஒருத்தன். அவன் வள்ளத்த ரயிலு மாதிரி ஓட்டுவான். சாளை துள்ளுனாத் திரும்பிப் பாக்க மாட்டான், வானத்துல குருவி சுத்துனா நிமிந்து பாக்க மாட்டான். அதுதான் வேணுமாம் அவுங்களுக்கு. கடல் தெரியாதவனா ஒருத்தன் வேணுமாம். கச்சான், அதான் மேல்காத்து, ஓஞ்சதும் புரட்டாசியில ஆரம்பிச்சு ஐப்பசியில முடிச்சாங்க. அவன் கணக்குலயும் அதே பத்தொன்பதுதான் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். வராம? அவன் எங்க தேடுனான்?

கொடிய இறக்குன அன்னைக்கு ஒன்னு மட்டும் கேட்டேன். "அந்தப் பத்தொன்பது படத்தையும் எனக்கு ஒரு நகல் குடுத்துட்டுப் போங்க. இருபதாவது ஒன்னக் கண்டுபிடிச்சு உங்க முன்னாடி நிறுத்துறேன். அப்பப் பேசுவோம்"னேன்.  குடுத்துட்டாங்க. நல்ல கெட்டித் தாள், தண்ணி பட்டா நனையாத தாள்ல அடிச்சுக் குடுத்தாங்க. கெட்ட பொம்பள இல்ல சார்.

அன்னையில இருந்து எட்டு மாசம். மீன்பாட்டுக்குப் போற நாளெல்லாம் பாப்பேன். வலையப் போட்டுட்டு, வியான்னியத் தெப்பத்துல காவலுக்கு விட்டுட்டு, வள்ளத்த எடுத்துக்கிட்டுத் தீவத் தீவாச் சுத்துவேன். எண்ணெய் வீணாப் போகுதுன்னு அவன் தலையில அடிச்சிக்கிட்டான். காட்டுறதுக்கு கேமரா கிடையாது, கண்ணுதான். ஒவ்வொரு துடுப்பா அந்தத் தாள்ல வச்சுப் பாப்பேன். பாத்துப் பாத்துப் பேரு வச்சிட்டேன். எப்பவும் முன்னால வந்து மூஞ்சியக் காட்டுறது கவுன்சிலர். ரெண்டு பேரப் பிரிச்சு விட்டுட்டே இருக்குறது நாட்டாமை. ஒன்னு வள்ளத்தக் கண்டாலே ஒளியும், அது வியான்னி, கடன் கேட்டா அவன் அப்படித்தான். உப்புத்தண்ணித் தீவுக்குத் தெக்க பாத்தேன், கவுன்சிலர். ஆனைப்பார்த் தீவுக்கு வெளிய பாத்தேன், கவுன்சிலர். ஒரு நாளு கெழக்க, நான் போகவே போகாத இடம், தூரத்துல மூணு முதுகு தெரிஞ்சுச்சு. கும்பிடு போட்டுட்டே போனேன். பக்கத்துல போனா நாட்டாமையும் ரெண்டு அல்லக்கையும்.

இருபதாவது ஒன்னு கிடைக்கல. அதுக்காக இல்லன்னு ஆயிருமா? நான் பாக்கல, அம்புட்டுத்தான்.

ஒரு நாளு ஊர்ல கொஞ்சம் வயசான ஆளுங்க நாலு பேருகிட்டக் கேட்டேன், ஓங்கிலக் கடைசியா எப்பப் பெருங்கூட்டமாப் பாத்தீங்கன்னு. ஒருத்தன் பதினஞ்சு வருசம்ங்கிறான், ஒருத்தன் சுனாமிக்கு முன்னாடிங்கிறான். "நீ தெனம் போறவன்தான, உனக்குத் தெரியாதா?"ன்னு என்னையவே கேக்குறான். எனக்குத் தெரியாமலா? தெனம் பாக்குறவனுக்கு எங்க சார் தெரியும், குறையுறது. நேத்து பத்து பாத்தேன், இன்னைக்குப் பத்து பாத்தேன். அதே பத்தான்னு நான் கேக்கல, அது மட்டுந்தான்.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க. எனக்குக் கோவம் இல்லன்னு முதல்லயே சொல்லிட்டேன்.

போன வெள்ளிக்கிழம. வாடைக் காத்து கொஞ்சம் தணிஞ்சிருந்துச்சு. நல்லதண்ணித் தீவுக்குத் தெக்க வலை விட்டிருந்தோம், நானும் வியான்னியும். காலையில எட்டு மணி இருக்கும், வலைய வாங்குறோம், மேல இழுக்குறதச் சொல்றேன். பாதியில கனக்குது. வியான்னி மூஞ்சியில சிரிப்பு, "மச்சான், பெரிய திருக்கை"ங்கிறான். நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு பேரும் காலை ஊனி இழுக்குறோம். முதல்ல வாலு வந்துச்சு. திருக்கைக்கு அப்படி வாலு கிடையாது.

ஓங்கில் மீனு இல்ல சார். நம்ம மாதிரி மூச்சு விடணும் அதுக்கு. அடியில வலையில சுத்திக்கிட்டா மேல வர முடியாது. உடம்பு இன்னும் சூடாத்தான் இருந்துச்சு. ஒரு அரை மணி நேரம் முந்தி நான் வலைய வாங்கியிருந்தா... அந்த அரை மணி நேரம் நான் எங்க இருந்தேன்னு கேக்குறீங்களா? கேக்க வேணாம். தாள எடுத்துட்டு மேற்க சுத்திட்டு இருந்தேன்.

வியான்னி வேற வள்ளம் ஏதும் வருதான்னு சுத்திப் பாக்குறான். பிடிக்கக் கூடாத உயிரு, வலையில தானா விழுந்தாலும் கேஸுன்னு சொல்லுவாங்க, வள்ளத்த எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு பயம். எங்க கரையில இதுக்கு ஒரு வழக்கம் உண்டு. இப்படி ஏதாவது மாட்டுனா கல்லக் கட்டி அங்கயே விட்டுருவோம். கரையில பேச மாட்டோம், வீட்டுல சொல்ல மாட்டோம், சர்ச்சுல பாவசங்கீர்த்தனம் சொல்லும்போது சாமியார்கிட்டகூட ஒரு மாதிரி சுத்தி வளச்சுத்தான் சொல்லுவோம். எல்லா வள்ளமும் அப்படித்தான். நானும் முன்னாடி விட்டிருக்கேன். எத்தன தடவன்னு கேட்டா எனக்குத் தெரியாது. யாரும் எண்ணல.

வியான்னி கல்லு எடுக்கப் போனான். "இருடா"ன்னேன். சட்டைக்குள்ள இருந்து தாள எடுத்தேன். துடுப்பத் துடச்சு வச்சுப் பாத்தேன். புதுசா இருக்கணும் சாமி, இருபதாவதா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். செத்ததாவது புதுசா இருக்கட்டும்னு வேண்டுன ஒரே ஆளு உலகத்துலயே நானாத்தான் இருப்பேன். இல்ல சார். தாள்லயே இருக்கு. பதினோராம் நம்பர். அதுக்கு நான் பேருகூட வைக்கல. பெருசா அடையாளம் இல்லாதது, பின்னால சின்னதா ஒரு கீறல் மட்டும். எப்பவும் கூட்டத்துக்கு நடுவுல, சத்தமில்லாம வர்றது. அழுதுட்டேன். வியான்னி முன்னாடியே அழுதேன்.

கல்லக் கட்டித்தான் விட்டோம். வேற என்ன பண்ணுறது அந்த நேரத்துல. வியான்னி என் பிள்ளைக தலையில சத்தியம் வாங்கிக்கிட்டான், யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. வீட்டுக்கு வந்து சாப்பிடல, மூணு நாளு தூங்கல. செலஸ்தி பிடுங்கி எடுத்துட்டா, அவகிட்டச் சொல்லிட்டேன். நேத்து இந்தக் கூட்டச் செய்திய யாரோ போன்ல அனுப்பியிருந்தாங்க. போறேன்னேன். "உனக்கு என்ன கிறுக்கா? அதான் அந்தம்மா பத்தொன்பதுன்னு எழுதியாச்சுல்ல, இருந்துட்டுப் போகட்டும். நீயாப் போயி மாட்டிக்குவியா? வள்ளத்தப் பிடுங்கிட்டா பிள்ளைகளுக்கு என்னத்தப் போடுவ?"ன்னு கதவு முன்னாடி நிக்கிறா. அவ சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, தன் தம்பி மாட்டுவானேங்கிற பயமும் இருக்கு. நான் வியான்னி பேர எடுக்க மாட்டேன். வள்ளம் என்னுது, வலை என்னுது.

தருவைக்குளம் தாண்டிட்டோம். இன்னும் கொஞ்ச நேரந்தான்.

அந்தச் சீட்டு விஷயத்துல நான் செஞ்சது தப்புன்னு இப்பவும் ஒத்துக்க மாட்டேன் சார். அதை மட்டும் அந்தக் கூட்டத்துல எவன் கேட்டாலும் ஒத்துக்க மாட்டேன். ஆனா அந்தப் பேப்பரு இன்னைக்கு அச்சாகி ஊர் ஊராப் போகுது. நாளைக்கு இஸ்கூல் புத்தகத்துலகூடப் போட்டாலும் போடுவாங்க, நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்பீங்க. கணக்குன்னு எழுதுனா சரியா எழுதணுமா இல்லையா? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க.

எனக்கு மைக்கு வேணாம். கடல்ல ரெண்டு வள்ளத்துக்கு அப்பால நிக்கிறவனுக்குக் கேக்குற தொண்டை. பேசி முடிச்சு எல்லாரும் கை தட்டுவாங்கல்ல, அப்ப எந்திரிப்பேன். "டாக்டரம்மா, உங்க பத்தொன்பது தப்பு"ம்பேன். அவுங்க நிமிந்து பாப்பாங்க. இந்தாளு இன்னும் திருந்தலையேன்னு நெனப்பாங்க, இருபதாவதக் கொண்டுவந்துட்டான்னுகூட நெனப்பாங்க. நெனச்சிட்டுப் போகட்டும். "பதினெட்டு"ன்னு சொல்லுவேன். எப்படித் தெரியும்னு முன்வரிசையில இருந்து எவனாவது கேப்பான். வலையத் தூக்குனவன் நான், எனக்குத் தெரியாம யாருக்குடா தெரியும்னு கேப்பேன்.